கடல் கடந்த கைத்திறன்

தண்டவாளத்தின் இருபுறமும் – 11

சென்ற வாரம், ஏரிகளுக்கும் கழனிகளுக்கும் நடுவே 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்த கதையைப் பார்த்தோம். அந்தப் பேட்டையிலும் அதைச் சுற்றிய ஆலைகளிலும் தொழில் கற்றவர்கள் அத்தனை பேரும் இங்கேயே தங்கிவிடவில்லை. அவர்களில் கணிசமானவர்கள் எங்கே போனார்கள், எப்படிப் போனார்கள், போகும் வழியில் அவர்களுக்கு யார் துணை நின்றார்கள், யார் நிற்கவில்லை என்பதே இந்த வாரத்துக் கதை.

கொரட்டூர் நிலையத்துக்கு மேற்கே பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி என்று புறநகர் நிலையங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அதே பாதைதான் அரக்கோணம், ரேணிகுண்டா, குண்டக்கல் வழியாக ராய்ச்சூருக்குப் போய், 1871-இல் பம்பாயிலிருந்து வந்த பாதையோடு கைகோத்தது. அதற்கு நூறாண்டு கழித்து, 1970களில், இந்தப் பாதையின் பம்பாய் ரயில்களில் ஒரு புதிய வகைப் பயணி ஏறத் தொடங்கினார். இருபத்தைந்து வயதுக்கு முன்பின். கையில் ஒரு ஐ.டி.ஐ. சான்றிதழ், வேலை பார்த்த ஆலையின் அனுபவக் கடிதம், புத்தம் புதிய பாஸ்போர்ட். பம்பாய் மெயில் கொரட்டூரில் நிற்காது. சென்ட்ரலில் வண்டி ஏறியவர் அரை மணி நேரத்துக்குள் தன் ஊரையே ஜன்னல் வழியாகக் கடந்துதான் போக வேண்டும். பம்பாயில் ஓர் ஏஜென்ட் அலுவலகம். அதற்கப்பால் குவைத், துபாய், தம்மாம், பாக்தாத்.

இப்படிப் போனவர்களைப் பற்றிக் குடும்பங்களில் சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். துணிச்சலாகக் கிளம்பினார், கஷ்டப்பட்டார், வீடு கட்டினார். எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு ஃபிட்டர் உருவாகப் பொதுப்பணமும் அரசுச் சட்டங்களும் மற்றவர்களின் உழைப்பும் எத்தனை ஆண்டுகள் செலவாயின என்பதை அந்தக் கதைகள் சொல்வதில்லை. அதைச் சொன்னால்தான், அவருக்கு இந்த நாடு என்ன கடன்பட்டிருக்கிறது என்பதும் விளங்கும்.

முதலில் வந்தவர்கள்

இந்த வட்டாரத்திலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பே, வெளிநாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் இந்தப் பக்கமாகத்தான் போனது. அந்தப் பாதையை அமைத்த மதராஸ் ரயில்வே கம்பெனியின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் பார்க்லே புரூஸ் என்ற ஆங்கிலேயர். இந்த வெயிலில் உடல்நலம் கெட்டு, ரயில் ஓடிய அதே ஆண்டில் அவர் தாய்நாடு திரும்பினார். ஒப்பந்தம், உயர்ந்த சம்பளம், ஒத்துக்கொள்ளாத தட்பவெப்பம், தூரத்தில் இருக்கும் குடும்பம் என்று பிற்காலத்தில் நம்மவர்கள் அனுபவித்த எல்லாவற்றையும் அந்தத் தலைமுறைப் பொறியாளர்கள் நம் மண்ணில் அனுபவித்தார்கள். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர்களுக்குப் பின்னால் ஒரு பேரரசு நின்றது.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவர்கள் வேறு வகை. அவர்கள் தொழில் கற்பிக்க ஒப்பந்தப்படி வந்தவர்கள். 1949-இல் முருகப்பா குழுமமும் பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையைத் தொடங்கின. 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. அதே 1955-இல், காந்தி பிறந்த அக்டோபர் 2 அன்று, பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை நேரு தொடங்கிவைத்தார். அதற்கான தொழில்நுட்பம் சுவிட்சர்லாந்தில் ஜூரிக் அருகிலுள்ள ஷ்லீரன் நகரத்து நிறுவனத்துடையது. மரப்பெட்டிகளுக்குப் பழகியிருந்த ரயில்வேக்கு, முழுக்க எஃகுத் தகட்டை வெல்டிங் செய்து ஒரே கூடாக இணைக்கும் புதிய முறையை அது கொண்டுவந்தது. மோதும்போது ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் செருகிக்கொள்ளாதபடி வடிவமைக்கப்பட்ட பெட்டி அது. நூற்றுக்கணக்கான தமிழ் இளைஞர்கள் வெல்டிங் என்ற தொழிலை அதன் உயர்ந்த தரத்தில் முதன்முதலாகக் கற்றது அங்கேதான்.

1959-இல் அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை. பிறகு கொரட்டூருக்குத் தெற்கே பாடியில் ஒன்றன் பின் ஒன்றாக வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டிவிஎஸ், சுந்தரம்-கிளேட்டன், பிரேக்ஸ் இந்தியா. எல்லாம் 1960-க்கும் 1962-க்கும் இடையில், ஆங்கில நிறுவனங்களின் கூட்டோடு. 1966-இல் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து, விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பில் 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பியது. பத்து மைல் நீளத்துக்குள் சைக்கிள், டயர், பிரேக், சக்கரம், ஸ்டார்ட்டர் மோட்டார், ரயில் பெட்டி, டாங்கி அத்தனையும். இவை எல்லாவற்றுக்கும் சின்னச் சின்ன உதிரிபாகங்கள் செய்து கொடுக்க ஒரு தொழிற்பேட்டை. நாட்டில் இப்படியொரு செறிவு மிகச் சில இடங்களில்தான் இருந்தது.

அரமும் அளவும்

ஆலை வைப்பதற்குப் பணமும் இயந்திரமும் போதும். அதை ஓட்டக் கைகள் வேண்டும். 1950-இல் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஐ.டி.ஐ. என்று நாம் சொல்லும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அதன் வழி வந்தவை. 1956-இல் தேசியத் தொழிற்பயிற்சிக் கவுன்சில் அமைந்து, நாடு முழுதும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, ஒரே சான்றிதழ் என்ற நிலை வந்தது. 1961-இல் தொழில் பழகுநர் சட்டம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் அப்ரண்டிஸ்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்பிப்பது ஆலைகளின் சட்டக் கடமை ஆனது.

ஃபிட்டர், டர்னர் படிப்பு இரண்டு ஆண்டுகள், வெல்டருக்கு ஓராண்டு. முதல் வாரங்களில் இயந்திரத்தின் பக்கமே விடமாட்டார்கள். வைஸில் ஒரு இரும்புத் துண்டைப் பிடித்து, அரத்தைக் கையில் கொடுத்து, நாள் முழுக்க ராவச் சொல்வார்கள். பக்கங்கள் சமமாக, மூலைகள் சரியான செங்கோணமாக வரும் வரை. உள்ளங்கை காய்த்துப் போன பிறகுதான் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் கைக்கு வரும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளந்து பழகியவருடைய கண்ணும் விரலும் மற்றவர்களுடையதைப் போல் இருப்பதில்லை. பிறகு ஆலையில் அப்ரண்டிஸ் காலம். அங்கே மேஸ்திரியும் சூப்பர்வைசரும் கற்றுக்கொடுப்பது புத்தகத்தில் இல்லாத பாடம்: டிராயிங்கைப் பார்த்ததும் எந்த வேலையை முதலில் எடுப்பது, லேத்தின் சத்தம் மாறினால் டூல் மழுங்கிவிட்டது என்று எப்படி அறிவது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் கட்டணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஏழைக் குடும்பத்துப் பையன்கள் அரசுச் செலவில் படித்தார்கள். கழனி வேலை செய்தவர்களின் பிள்ளைகள், கைத்தறி நெசவாளர்களின் பிள்ளைகள், வட ஆற்காட்டிலிருந்தும் தென்மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து வில்லிவாக்கத்திலும் கொரட்டூரிலும் பாடியிலும் அறை எடுத்துத் தங்கியவர்கள். டிராயிங் என்பது உலகப் பொது மொழி என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அது எவ்வளவு உண்மை என்பது 1973-க்குப் பிறகு தெரிந்தது.

சட்டம் போட்ட கதவு

அதற்கு முன் சட்டத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சி 1922-இல் கொண்டுவந்த குடிபெயர்வுச் சட்டம், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களை இரண்டாகப் பிரித்தது. தோட்டக் கூலிகளாகப் போகிறவர்கள் ஒரு வகை. ‘திறன் வேலை’க்குப் போகிறவர்கள் இன்னொரு வகை. கைவினைஞர், குமாஸ்தா, கடைச் சிப்பந்தி, உணவு விடுதிப் பணியாளர், வீட்டு வேலை செய்பவர், கண்காட்சிகளிலும் கேளிக்கைகளிலும் பணிபுரிபவர் எல்லோரும் இரண்டாம் வகைக்குள் அடக்கம். இவர்களை அழைத்துப் போக விரும்புகிறவர் அரசிடம் அனுமதி கேட்க வேண்டும். குறைகள் ஏராளம் இருந்தாலும், திறனாளியும் பாதுகாப்புத் தேவைப்படுகிற ஒரு மனிதர் என்பதை அந்தப் பழைய சட்டம் ஒத்துக்கொண்டது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சுதந்திர இந்தியாவிலும் பாஸ்போர்ட் என்பது அரசு மனம் வைத்தால் கொடுக்கும் சலுகையாகவே நெடுங்காலம் இருந்தது. அதை மாற்றியது ஒரு வழக்கு. மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துவந்த சத்வந்த் சிங் சாஹ்னி என்பவரிடம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது அரசு. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1967 ஏப்ரல் 10 அன்று தலைமை நீதிபதி கே. சுப்பாராவ் தலைமையிலான ஐவர் அமர்வு, மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது: வெளிநாடு செல்லும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்துக்குள் அடங்கும், சட்டம் இல்லாமல் அதை மறுக்க முடியாது. மதராஸ் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி, அங்கேயே நீதிபதியாகவும் இருந்தவர் சுப்பாராவ். அந்தத் தீர்ப்பின் விளைவாக அதே ஆண்டு ஜூனில் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. பாடியில் லேத் ஓட்டிய ஒருவர் பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டபோது, அவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ, இந்தத் தீர்ப்பு அவர் பக்கம் இருந்தது.

போக எந்த நாடு இருந்தது? 1962-இல் பிரிட்டன் காமன்வெல்த் குடியேறிகளுக்கு வவுச்சர் முறை கொண்டுவந்தது. திறனாளிகளுக்கு ஒரு வாசல் விட்டுவைத்தது. 1965-இல் அமெரிக்கா நாட்டுவாரிப் பாகுபாட்டை நீக்கி, படித்த தொழில்நெறியாளர்களுக்கு இடம் கொடுத்தது. ஆனால் அவை மருத்துவர்களுக்கும் பட்டதாரிப் பொறியாளர்களுக்குமே பெரிதும் பயன்பட்டன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் சில டாலருக்கு மேல் கையில் எடுத்துப் போக முடியாத காலம் வேறு. 1973 ஜனவரியில் புதிய குடியேற்றச் சட்டத்தோடு பிரிட்டனின் வாசலும் குறுகிவிட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் அரபு–இஸ்ரேல் போர் வெடித்தது.

எண்ணெய் ஆண்டுகள்

பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. வளைகுடா நாடுகளில் பணம் கொட்டியது. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், மின்நிலையம், விமான நிலையம் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கட்ட ஆரம்பித்தார்கள். அவர்களிடம் மக்கள்தொகை குறைவு. குழாய்க்குக் குழாய் வெல்டிங் வைக்கிறவர் அதைவிடக் குறைவு. பாடியிலும் அம்பத்தூரிலும் பெரம்பூரிலும், திருச்சியில் 1965-இல் தொடங்கிய பாய்லர் ஆலையைச் சுற்றியும், அந்த வேலை தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

ஆளெடுப்பின் மையம் பம்பாய். அங்கே நடந்த டிரேடு டெஸ்ட் பலருடைய வாழ்க்கையைத் தீர்மானித்தது. பைப் வெல்டருக்கு 6ஜி என்ற சோதனை. குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் கீழிருந்து மேலாகச் சுற்றிச் சுற்றி உடம்பை வளைத்து ஒட்ட வேண்டும். பிறகு அந்த ஒட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் படம் காட்டிக் கொடுத்துவிடும். ஃபிட்டருக்கு டிராயிங்கைக் கொடுத்துப் பொருத்தச் சொல்வார்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் வேலை தடுமாறாதவர்கள் தேர்வானார்கள். ஐ.டி.ஐ.யில் அரத்தோடு கழிந்த வாரங்கள் அங்கே பலன் கொடுத்தன.

எண்ணிக்கை ஏறிய வேகம் வியக்க வைப்பது. 1976-இல் இந்தியாவிலிருந்து முறைப்படி அனுமதி பெற்று வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் ஏறத்தாழ 4,000 பேர். 1981-இல் ஏறத்தாழ 2,75,000 பேர். ஐந்தே ஆண்டுகளில் இந்தப் பாய்ச்சல். கேரளத்துக்கு அடுத்து அதிகம் பேரை அனுப்பிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

இந்த வேகத்துக்கு ஈடாகச் சட்டம் ஓடவில்லை. ஏஜென்ட், அவருக்குக் கீழே சப்-ஏஜென்ட், அவருக்கும் கீழே ஊரில் ஒரு ‘தெரிந்தவர்’ என்று ஒரு சங்கிலி உருவானது. நகையும் நிலமும் அடமானம் போயின. இங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று, அங்கே இறங்கியதும் நீட்டப்பட்ட ஒப்பந்தம் வேறொன்று. இங்கே டர்னர், அங்கே மூட்டை தூக்கி. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரிக்குள். கஃபீல் என்ற பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் வேலை மாறவும் முடியாது, ஊர் திரும்பவும் முடியாது.

தமிழக அரசு 1978-இல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. அரசே முன்வந்து, தரகுக் கொள்ளை இல்லாமல் ஆட்களை அனுப்பலாம் என்ற சிந்தனை அந்தக் காலத்தில் துணிவானது. மருத்துவர், செவிலியர், வெல்டர், ஓட்டுநர் எனப் பலரையும் அது அனுப்பியிருக்கிறது. ஆனால் கடலளவு தேவைக்கு முன் அது ஒரு கிணறளவே இருந்தது. 1979-இல் உச்ச நீதிமன்றம் ஆளெடுக்கும் நிறுவனங்களுக்கு இடைக்கால வழிகாட்டு நெறிகளை விதித்தது. கடைசியில் 1983-இல் புதிய குடிபெயர்வுச் சட்டம் வந்து, 1922-இன் சட்டம் ஓய்ந்தது. ஆளெடுக்கிறவர் பதிவு செய்ய வேண்டும், பிணைத்தொகை கட்ட வேண்டும். தொழிலாளியின் ஒப்பந்தத்தைக் குடிபெயர்வோர் பாதுகாவலர் பார்த்து அனுமதிக்க வேண்டும். அந்தப் பாதுகாவலர் அலுவலகங்களில் ஒன்று சென்னையில் அமைந்தது. பம்பாய்க்கு ரயில் ஏறித்தான் ஆக வேண்டும் என்ற நிலை மெல்லத் தளர்ந்தது.

ஊரில் இருந்தவர்கள்

போனவர்களின் கதை பாதிதான். மீதிப் பாதி கொரட்டூரில் இருந்தது. 1970-இல் வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கும் 1975-இல் அந்நியச் செலாவணிக் கணக்கும் வங்கிகளில் வந்தன. தபாலில் வந்த டிராப்ட்டை எடுத்துக்கொண்டு முதன்முதலாக வங்கிப் படியேறிய பெண்கள் ஏராளம். பாஸ்புக் வாசிக்கக் கற்றவர்களும், மேஸ்திரியோடு விலை பேசி வீடு கட்டி முடித்தவர்களும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தவர்களும், மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர்களும் அவர்கள்தான். வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளும் தனி மனைகளும் பெருகிய கொரட்டூரில், ஒரு தலைமுறை வீடுகளின் கடைக்காலில் பாலைவனச் சம்பளம் இருக்கிறது. அந்தச் செங்கல் ஒவ்வொன்றையும் அடுக்கி வைக்கச் செய்தவர் பெரும்பாலும் ஊரில் இருந்த மனைவி. கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வர வாரக்கணக்கில் ஆன காலம். பிறகு டேப் ரிக்கார்டரும் கேசட்டும் வந்தன. பிள்ளையின் மழலையைப் பதிவு செய்து, ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பினார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுப்பில் வந்த அப்பாவைப் பிள்ளை அடையாளம் தெரியாமல் பார்த்தது பல வீடுகளில் நடந்தது.

1986-இல் எண்ணெய் விலை சரிந்தபோது அனுமதி பெற்றுப் போனவர்கள் ஏறத்தாழ 1,13,000 பேராகக் குறைந்தார்கள். நான்கு ஆண்டு கழித்து அதைவிடப் பெரிய அடி. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. அங்கிருந்த சுமார் 1,70,000 இந்தியர்கள் ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வந்தார்கள். சேமிப்பு இருந்த தினார் காகிதமானது. பேருந்திலும் லாரியிலும் பாலைவனத்தைக் கடந்து ஜோர்டானின் அம்மான் நகரை அடைந்தார்கள். அங்கிருந்து ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சுமார் இரண்டு மாதத்தில் 488 முறை பறந்து அவர்களை ஊர் சேர்த்தன. பயணி விமானங்கள் செய்த மீட்புகளில் உலகின் மிகப் பெரியது அது. அரசு விரும்பினால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பட்டறையிலிருந்து கணினிக்கு

1990-இல் அமெரிக்கா புதிய குடியேற்றச் சட்டத்தில் எச்-1பி விசாவை உருவாக்கி, ஆண்டுக்கு 65,000 என்று வரம்பு வைத்தது. இரண்டாயிரமாவது ஆண்டுக் கணினிச் சிக்கல் நெருங்கியபோது ஆள் தேவை எகிறியது. 2001 முதல் 2003 வரை அந்த வரம்பு 1,95,000 ஆக உயர்ந்தது. சென்னை அண்ணா மேம்பாலத்தருகே உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் முன் விடியற்காலையில் நின்ற வரிசைகளில், ஃபிட்டர்களும் டர்னர்களும் படிக்க வைத்த பிள்ளைகள் இருந்தார்கள்.

பேட்டையும் மாறியது. 1998-இல் டன்லப் ஆலை கதவடைத்தபோது இந்த வட்டாரத்தில் ஒரு யுகம் முடிந்தது என்று பலரும் உணர்ந்தார்கள். லேத்துகள் ஓடிய சில ஷெட்டுகளின் இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் வந்தன. எச்.சி.எல். உள்ளிட்ட மென்பொருள் நிறுவனங்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே அலுவலகம் அமைத்தன. ஆனாலும் பட்டறைகள் செத்துவிடவில்லை. சி.என்.சி. இயந்திரங்களோடு அவை இன்றும் ஓடுகின்றன. ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் ஆள் தேவைப்படுவது இந்தத் தொழில்களில்தான். 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு ஒப்பந்தம் செய்தன. 2024-இல் இந்தியத் திறனாளிகளுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்தப்போவதாக ஜெர்மனி அறிவித்தது. மறுபக்கம், 2025 செப்டம்பரில் அமெரிக்கா புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவித்தது. ஒரு வாசல் திறந்தால் இன்னொன்று சாத்தப்படுவது 1973-இல் நடந்தது, இப்போதும் நடக்கிறது.

2015-இல் எடுக்கப்பட்ட தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு, சுமார் 22 லட்சம் பேர் தமிழகத்திலிருந்து வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. சிங்கப்பூரில் அதிகம். அதையடுத்து ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, அமெரிக்கா.

முத்திரை இல்லாத பாஸ்போர்ட்

இனி, நினைவில் வைக்கச் சொன்ன 1922-க்கு வருவோம். திறனாளிக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று அந்தச் சட்டம் ஒத்துக்கொண்டதை அடுத்த சட்டம் கைவிட்டது. 1983 சட்டத்தின் கீழ், படிப்புக் குறைந்தவர்களின் பாஸ்போர்ட்டில் ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போவதென்றால் ஒப்பந்தத்தை அரசு பார்க்கும்; காப்பீடு உண்டு; பதிவு உண்டு. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இந்தச் சோதனை தேவையில்லை. சலுகையாகத்தான் இது கொடுக்கப்பட்டது. அலைச்சலும் லஞ்சமும் குறைந்தன, அது நன்மையே. ஆனால் விளைவு என்ன? பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ. படித்த வெல்டர், டிப்ளமோ படித்தவர், பட்டதாரி எல்லோரும் அரசின் பார்வைக்கே வராமல் கடல் கடக்கிறார்கள். படித்தவர் ஏமாற மாட்டார் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்ட ஏற்பாடு இது.

அந்த நம்பிக்கை உடைந்துவிட்டது. 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டார்கள். அந்த அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்த 13 தமிழர்கள் கூலி வேலைக்குப் போனவர்கள் அல்லர். கணினி தெரிந்த, ஆங்கிலம் தெரிந்த பிள்ளைகள். அவர்கள் போனதற்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரிகூட இல்லாத நிலைதான் மோசடிக்காரர்களின் பெரிய பலம்.

சோதனை தேவையில்லாதவர்களும் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2018 நவம்பரில் வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது. விமான நிலையத்தில் மக்களைத் திருப்பி அனுப்பும் முறையில் அது அமைந்திருந்ததால் எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் தண்டனை இல்லாத, உதவியை மட்டுமே நோக்கமாகக் கொண்ட பதிவு என்ற மாற்று வழியை அப்போது யாரும் முன்னெடுக்கவில்லை. தமிழகத்தில் அயலகத் தமிழர் நலச் சட்டம் 2011-லேயே இயற்றப்பட்டது. அதன்படி வாரியம் செயலுக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. 2021-இல் அயலகத் தமிழர் நலனுக்குத் தனித் துறை அமைந்தது. 2025 அக்டோபரில் 1983 சட்டத்துக்கு மாற்றாக ஒரு வரைவு மசோதாவை மத்திய அரசு கருத்துக் கேட்புக்கு வைத்தது. காலம் கடந்தாவது கதவு தட்டப்படுகிறது.

இந்தத் தொடருக்காக இந்த வட்டாரத்தின் எழுபது ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு உறுதியாகத் தோன்றுவது இதுதான். ஒரு வெல்டரின் கை தனிச்சொத்தாகத் தோன்றலாம். அதை உருவாக்கியதில் ஓர் ஐ.டி.ஐ. ஆசிரியருக்கும், அப்ரண்டிஸ் சட்டத்துக்கும், பொதுத்துறை ஆலைக்கும், ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்கும், ஊரில் தனியாகக் குடும்பத்தைத் தாங்கிய ஒரு பெண்ணுக்கும் பங்கு உண்டு. இத்தனை பேர் சேர்ந்து உருவாக்கிய ஒருவரை விமான நிலைய வாசலோடு கைகழுவி விடுவது நியாயமில்லை. ஒவ்வொரு ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் கடைசிப் பருவத்தில் ஒரு வாரம் ஒதுக்கி, பதிவு பெற்ற ஏஜென்டை இணையத்தில் எப்படிச் சரிபார்ப்பது, ஆளெடுப்புக் கட்டணத்தின் சட்ட வரம்பு என்ன, ஒப்பந்தத்தில் எந்த வரியைப் பார்க்க வேண்டும், ஆபத்தில் தூதரகத்தை எப்படி அழைப்பது என்று தமிழில் சொல்லிக் கொடுக்கலாம். அயலகத் தமிழர் நலத் துறை அம்பத்தூரிலேயே ஒரு உதவி மையம் திறக்கலாம். இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். அரத்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த அதே வகுப்பறையும் அதே ஆசிரியரும் போதும்.

அடுத்த வாரம் மேற்கே இன்னும் ஐந்து நிலையம் தள்ளிப் போகிறோம். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றிய ஆவடிக்கு. அந்தத் தீர்மானத்துக்கும், பத்தாண்டு கழித்து அதே ஊரிலிருந்து புறப்பட்ட டாங்கிக்கும் நடுவே நடந்தவை அதில் வரும்.

(தொடரும்)